தெரிந்தவர்கள் நேரில் வரலாம்

உசிலம்பட்டி கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே
என் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூன்று ஸ்டூல்.
பக்கத்துக்கு இருபது ரூபாய்.
பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பணம்
எல்லாம் என் விரல் வழியாகத்தான் உள்ளே போகும்.

வைகாசியில் ஒரு காலை, ஸ்டேஷனில் மை தீர்ந்துபோச்சு என்று
ஏட்டையா வந்தார்.
கையெழுத்தில் மூன்று பக்கம். தூங்காத கண்.
மொக்கராசு, வயது இருபத்தாறு, ஆடு திருடிய வழக்கு இரண்டு,
அதிகாலை நாலு நாற்பதுக்கு அரிவாளை ஓங்கி,
எச்சரித்தும் கேளாமல்
கண்மாய்த் தண்ணீரில் இறங்கித் தப்ப முயன்றபோது
தற்காப்புக்காக இரண்டு ரவுண்டு.

ஓடுகிறவனிடமிருந்து என்ன தற்காப்பு என்று
அப்போது எனக்குத் தோன்றவில்லை.
பொய். தோன்றியது.

கன்மாய் என்று எழுதியிருந்தார். ண் போட்டுத் திருத்தினேன்.
எழுத்துக்கு எழுத்து பார்ப்பேன், அதில் எனக்குப் பேர் உண்டு.
தண்ணீரை மட்டும் கேட்கவில்லை.

பங்குனியிலேயே அந்தக் கண்மாய் அழிந்து
ஊத்தாவும் கச்சாவுமாக ஊரே இறங்கியது.
கிலோ நானூறு சொன்ன விராலை
முந்நூற்றைம்பதுக்குப் பேசி வாங்கினவள் நான்.
சித்திரையில் நடுக்கண்மாயில் ஸ்டம்பு அடித்துப்
பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
வைகாசியில் அங்கே ஈரம் இருந்தது என்றால்
அது மொக்கராசுடையதுதான்.

போலீஸ்காரர்கள் என் கடையில் காசு தருவதில்லை.
அன்று ஏட்டையா நூறு ரூபாய் வைத்தார்,
மீதி நாற்பதை வாங்காமல் போனார்.
டிராயரில் தனியாகக் கிடக்கிறது அது.

புரட்டாசியில் பிடித்த மழை. ஐப்பசியில் மறுகால் பாய்ந்தது.
கார்த்திகையில் கோட்டாட்சியர் இடம் பார்க்கப் போனார்.
இன்ஸ்பெக்டர் கையை நீட்டிக் காட்டினாராம்:
"பாருங்க மேடம், எவ்வளவு தண்ணி."
நாலைந்து கொக்குகள்கூட நின்றனவாம், சாட்சிக்கு.
ஆறு மாசம் பொறுத்திருந்தால் வானமே இறங்கி வந்து
ஏட்டையா எழுதியதை உண்மையாக்கும் போல.

பேப்பரில் ஆறாம் பக்கம், தொலைந்த பத்திரங்களுக்கு நடுவே
தீப்பெட்டி அளவில் ஒரு அறிவிப்பு:
மேற்படி சம்பவம் குறித்துத் தெரிந்தவர்கள்
உரிய ஆதாரத்துடன் நேரில் வரலாம்.
அதைக் கிழித்துக் கொண்டுவந்தாள் விருமாயி,
மொக்கராசைப் பெற்றவள்.
வாசித்துக் காட்டினேன்.
"தெரிஞ்சவுகளா? சுட்டவுகளுக்குத்தான தெரியும்" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"எம் மகன் யோக்கியன்னு எழுதாத தாயி.
ஆடு தூக்குனது நெசம்.
ஆட்டுக்கு எத்தன மாசமோ அதக் குடுத்திருக்கலாம்ல,
அத எழுது."

எழுதினேன். காசு வாங்கவில்லை.

கடையைச் சாத்தியபின் பழைய ஃபைலைத் தேடினேன்.
இருந்தது, வைகாசித் தேதியோடு, நான் போட்ட ண்ணோடு.
புதுப் பக்கம் திறந்து என் பெயரை அடித்தேன்:
ச. அங்காள ஈஸ்வரி, வயது நாற்பத்தொன்று.
வீட்டுக்காரர் மின்வாரியத்தில் ஒப்பந்தக் கூலி.
மகள் பிளஸ் டூ.
ஸ்டேஷன் என் கடையிலிருந்து அறுபது அடி,
அவர்கள் டீ ஆற்றுவது இங்கிருந்தே தெரியும்.
'எனக்குத் தெரிந்தது என்னவென்றால்' என்பதற்கு அப்புறம்
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
இருபது வருஷம் பிறர் சொல்லச் சொல்ல அடித்த விரலுக்கு
சொல்ல ஆள் இல்லை.

பதினொரு மணிக்கு மாடிப்படி ஏறினேன்.
வாசலில் டவாலி சிரித்தார்:
"யாரு மனுக்கா இன்னைக்கு?"

ஒரு பக்கம்தான்.
கண்மாய் என்ற சொல் நாலு இடத்தில் வருகிறது.
நாலு இடத்திலும் காய்ந்தே கிடக்கிறது.